கேட்டுத் தெளிவோம்: வகுப்பறைக்குள் நாடக விளையாட்டு

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடக விளையாட்டுகளால் என்ன பயன், அவற்றை எப்படி நடத்துவது என்று கேட்டு மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இம்மாதப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் நெடுங்காலம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பின் கிராமப் பள்ளிகளில் இவ்விளையாட்டுகளை நடத்தி வருபவர்.

கேள்வி: நான் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிகிறேன். பயிற்சி முகாமில் கற்ற நாடக விளையாட்டுகளை மூன்றாம் வகுப்பில் நடத்தத் தொடங்கினேன். பிள்ளைகள் மகிழ்கிறார்கள். ஆனால், “வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆட்டம் போடலாமா?” என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். மகிழ்ச்சியைத் தவிர இதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு நான் எப்படி விளக்குவது?
— ஆசிரியை, மேலூர் வட்டம்

பதில்: அந்தப் பெற்றோர்மேல் வருத்தப்படாதீர்கள். கூலி வேலையை விட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்றால், தம் பிள்ளை படித்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவரிடம் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த ஒரு விளையாட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

‘சங்கிலி புங்கிலி கதவைத் திற’ என்று புலி கேட்கிறது. ‘நான் மாட்டேன் வேங்கைப் புலி’ என்று ஆடுகள் மறுக்கின்றன. கதவு என்பது கோத்த கைகள்தாம். ஓர் எட்டு வயதுப் பையன் குனிந்து நுழைந்துவிடலாம். ஆனாலும் புலியாக நிற்கிறவன் நுழைவதில்லை. வெளியே நின்று கெஞ்சுகிறான், மிரட்டுகிறான், காத்திருக்கிறான். வரிசையில் இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னால் நிற்காத அதே பையன் இங்கே தன் கால்களைத் தானே கட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம், அவன் இப்போது புலியாக இருப்பதும், புலிக்கென்று ஒரு விதி இருப்பதும்தான். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில், விளையாடும்போது குழந்தை தன் வழக்கமான அளவைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்ற பொருளில் சொன்னது இதைத்தான். அவர் வழிவந்த மனுய்லென்கோ என்ற ஆய்வாளர், சிறு பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு காவற்காரராக விளையாடச் சொல்லிப் பார்த்தார். காவற்காரராக நின்றபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் அசையாமல் நின்றார்கள். அந்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. நம் தெருக்களில் ஆடும் சிலை விளையாட்டைப் பார்த்திருக்கும் எவருக்கும் இது வியப்பாக இருக்காது. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இந்தத் திறன்தான் பின்னர் ஒரு பத்தியை முடிவுவரை வாசிக்கவும், ஒரு கணக்கைப் பாதியில் விடாமல் போடவும் கைகொடுக்கிறது.

அடுத்தது, ஒன்றை இன்னொன்றாகக் கொள்ளும் பழக்கம். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிற குழந்தை, கண்முன் இல்லாத குதிரைக்கு ஒரு குச்சியை நிறுத்துகிறது. ‘பு’, ‘லி’ என்ற இரண்டு எழுத்துகளும் கண்முன் இல்லாத ஒரு விலங்குக்காகத்தானே நிற்கின்றன? குச்சிக்கும் எழுத்துக்கும் இடையே இருக்கும் தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதோடு, நாடக விளையாட்டில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். “ஆமாம் டீச்சர்”, “இல்லை டீச்சர்” என்ற இரண்டு சொற்களைத் தாண்டி வகுப்பில் பேசியிராத பிள்ளை, கடைக்காரராகவோ நடத்துநராகவோ மாறியதும் கேட்கிறது, மறுக்கிறது, காரணம் சொல்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விளையாட்டு எழுத்தைக் கற்றுத் தராது. எழுத்தைத் தனியே, பொறுமையாக, தினமும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். “வாசிப்பு நேரத்தைக் குறைத்து இதைச் செய்யவில்லை, நாளுக்குப் பதினைந்து நிமிடம்தான்” என்று பெற்றோரிடம் உறுதி கூறுங்கள். தலைமையாசிரியரும் தயங்கினால் அவருக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் கற்பதைப் பாடத்திட்டத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. 2022இல் நம் மாநிலத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பாட்டுக்கும் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பறையில் இடம் கொடுத்திருக்கிறது. இவற்றையெல்லாம்விட, அந்தப் பெற்றோரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்துச் சுவரோரம் உட்கார வைத்துவிடுங்கள். தம் பிள்ளை வாய் திறந்து பேசுவதைக் கேட்ட பிறகு பெரும்பாலோர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை.

கேள்வி: என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அறை சிறியது. ஒருமுறை முயன்றபோது ஒரே கூச்சலாகிப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்துவிட்டார். எதிலிருந்து தொடங்குவது, எப்படி அடக்குவது?
— ஆசிரியர், சோழவந்தான்

பதில்: முதலில் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள், பிறகு ஆடக் கற்றுக்கொடுங்கள். ஒரு கஞ்சிராவோ பழைய தகர டப்பாவோ போதும். ஒரு தட்டுத் தட்டினால் நடக்க வேண்டும். இரண்டு தட்டுத் தட்டினால் நின்ற இடத்தில் நின்றவாறே உறைந்துவிட வேண்டும். முதல் வாரம் முழுவதும் இது ஒன்றையே விதவிதமாக ஆடுங்கள்: சுடுமணலில் நடப்பது, வயல் வரப்பில் நடப்பது, தூங்கும் பாட்டியை எழுப்பிவிடாமல் நடப்பது. நீங்கள் கத்தத் தேவையில்லாத நிலை வந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். நாற்பது பேரையும் ஒரே நேரத்தில் ஆட விடாதீர்கள். இருபது பேர் ஆடட்டும். இருபது பேர் பார்க்கட்டும். பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள், இல்லையென்றால் கூச்சல் அங்கிருந்துதான் கிளம்பும்.

நான் பல பள்ளிகளில் நடத்தி, ஒருமுறைகூட ஏமாறாத ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். பிட்டுக்கு மண் சுமந்த கதை மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆவணி மூலத் திருவிழாவில் ஆரப்பாளையம் பக்கத்துப் புட்டுத்தோப்புக்குப் பெரியவர்களின் தோளிலேறிப் போய்ப் பார்த்த பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது அரசன் ஆணை, பிட்டு விற்கும் வந்திப் பாட்டிக்கு ஆள் இல்லை, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு வந்த கூலியாள் ஆடிப் பாடித் தூங்கிவிடுகிறான், அரசன் பிரம்பால் அடித்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. எந்தச் சமயத்துப் பிள்ளையும் ஆடக்கூடிய ஊர்க் கதையாகவே இதைச் சொல்லுங்கள்.

இருபது பேரும், இல்லாத கூடையில் இல்லாத மண்ணை அள்ளிச் சுமக்க வேண்டும். முதலில் எல்லாரும் காற்றைச் சுமப்பதுபோல ஓடுவார்கள். நிறுத்திக் கண்டிக்காதீர்கள். ஓரமாக நின்று, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, “மண் நனைந்திருக்கிறது” என்று ஒரு குரல் கொடுங்கள். முழங்கால்கள் மடங்குவதைப் பார்ப்பீர்கள். “கூடையில் ஓட்டை இருக்கிறது” என்றால் கைகள் ஓட்டையை அடைக்கப் போகும். அடுத்து ஒரு பிள்ளை அரசன், ஒரு பிள்ளை கூலியாள். அரசனின் பிரம்பும் காற்றால் ஆனதே; யாரும் யாரையும் தொடக்கூடாது என்பது இந்த விளையாட்டின் மாறாத விதி. அரசன் தொலைவில் நின்று வீச, கூலியாள் அடி எங்கே பட்டது என்று உடம்பால் காட்ட, அதே கணத்தில் அதே இடத்தில் எல்லாருக்கும் பட வேண்டும். தோளென்றால் எல்லாருக்கும் தோள். கணுக்காலென்றால் எல்லாருக்கும் கணுக்கால். மண்ணைக் கீழே போடாமல், கூலியாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தன் வேலையையும் செய்துகொண்டு பிறர்மேல் கவனம் வைப்பது எளிதன்று. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் அறையில் அமைதி தானாக இறங்கும். நாற்பது பேருக்கும் நான்கு முறை “அமைதி” என்று கத்தி வாங்க முடியாத அமைதி அது.

பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரிடம், “யார் நன்றாகச் செய்தார்கள்?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். “யாருடைய கூடையில் மண் கனமாக இருந்தது? எதை வைத்துத் தெரிந்தது?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு பெயர்தான் விடையாக வரும். இரண்டாவது கேள்விக்கு முதுகைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் பாதத்தைப் பற்றியும் பிள்ளைகள் பேசுவார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஆண்டுதோறும் நாடகம் போடுகிறோம். இரண்டு மாதம் ஒத்திகை நடக்கிறது. அதுவே போதாதா? இதில் என்ன புதுமை?
— பள்ளித் தாளாளர், மதுரை

பதில்: ஆண்டு விழா நாடகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் ஒத்திகையை ஒருநாள் கூர்ந்து பாருங்கள். நன்றாகப் பேசக்கூடிய ஆறு பிள்ளைகளுக்கு வசனம். நிறமும் உயரமும் பார்த்து நான்கு பிள்ளைகளுக்கு ஆட்டம். மற்றவர்கள் மரமாகவும் மலையாகவும் நிற்கிறார்கள், அல்லது வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு இது மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் விடுபட்டுப் போகிறது.

சிறுவர் நாடகம் நம் ஊருக்குப் புதிதன்று. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்கள் பிற்காலத் தமிழ் நாடக மேடையையும் திரையையும் தாங்கி நின்றார்கள். அந்தக் கலைமேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அங்கே பிள்ளைகள் பாடம் செய்ததும் பயிற்சி பெற்றதும் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்தவர்களுக்காக. நாடக விளையாட்டில் எதிரே உட்கார்ந்து பார்ப்பதற்கென்று ஒருவர் கிடையாது. ஆடுகிற பிள்ளைக்காகவே அது நடக்கிறது.

இந்த வேறுபாட்டை ஒரு முறையாகவே வகுத்தவர் அமெரிக்கரான வயோலா ஸ்போலின். சிக்காகோ நகரில் வேறு வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு பணியாற்றியபோது, “இப்படி நடி” என்று சொல்லிக் கொடுப்பதைவிட, ஒரு சிக்கலை விளையாட்டாகக் கொடுத்தால் பிள்ளைகள் தாமே வழி கண்டுபிடிப்பதை அவர் கவனித்தார். அவருடைய நூல் 1963இல் வந்தது. பாராட்டுக்கு ஏங்கும், கண்டிப்புக்கு அஞ்சும் மனம் விளையாட முடியாது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். முன் கேள்விக்கான பதிலில் ஓரமாக நின்று குரல் கொடுக்கச் சொன்னேன் அல்லவா, அதுவும் அவர் வகுத்த உத்திதான்.

ஆண்டு விழாவுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்: முதல் நான்கு மாதம் எல்லாப் பிள்ளைகளும் விளையாடட்டும். அதில் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்த பேச்சை எடுத்து நாடகமாகத் தொகுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அவர்கள் சொன்னதுதானே.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டில் ஓயாமல் பேசுவாள். பள்ளியில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். நாடக வகுப்பில் சேர்த்தால் கூச்சம் தெளியும் என்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: அம்மா, அவளை மேடையில் ஏற்றினால் தெளிந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறவினர் வந்தால் “மாமாவுக்குப் பாடிக் காட்டு” என்று நிறுத்துவதையும் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். பேசாத பிள்ளைக்குப் பேச்சைக் கேட்காத விளையாட்டுதான் முதலில் வேண்டும்.

உங்கள் ஊரில் பூக்கட்டத் தெரியாத வீடு குறைவு. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பூவும் இல்லாமல் நாரும் இல்லாமல் மல்லிகை கட்டுங்கள். நீங்கள் இரண்டு பூ வைத்து முடிச்சிட்டு, சரத்தை அவளிடம் நீட்டுங்கள். அவள் வைத்துக் கட்டி உங்களிடம் தரட்டும். நடுவில் சரம் அறுந்ததுபோல நீங்கள் பதறினால், அவளே முடிச்சுப் போட வருவாள். பிறகு கண்ணாடி விளையாட்டு: நீங்கள் தலை சீவினால் அவள் கண்ணாடிக்குள் தலை சீவ வேண்டும், பின்பு அவள் முன்னே, நீங்கள் கண்ணாடி. தான் செய்வதை ஒரு பெரியவர் அப்படியே செய்கிறார் என்பது கூச்சமுள்ள பிள்ளைக்குப் பெரிய துணிவைக் கொடுக்கும். இவற்றில் ஒன்றை வகுப்புத் தோழி ஒருத்தியை வீட்டுக்கு அழைத்து ஆட விடுங்கள். ஆசிரியரிடமும் சொல்லி, வகுப்பில் கூட்டமாகக் குரல் எழுப்பும் விளையாட்டுகளில் அவளைச் சேர்க்கச் சொல்லுங்கள். இருபது குரல்களோடு சேர்ந்து ‘கொலை கொலையா முந்திரிக்கா’ சொல்வது தனியே பெயரைச் சொல்வதைவிட எளிது. கைப்பொம்மையும் நல்லது, பொம்மை பேசுகிறது, தான் பேசவில்லை என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் தாராளமாகப் பேசும் குழந்தை, பள்ளி தொடங்கிய முதல் மாதத்தையும் கடந்து, மாதக்கணக்கில் பள்ளியில் பேசவே இல்லை என்றால், அது வெறும் கூச்சமாக மட்டும் இல்லாமல் பதற்றத்தோடு தொடர்புடைய, மருத்துவ உதவியால் சரிசெய்யக்கூடிய நிலையாக இருக்கலாம். பிடிவாதம் என்று திட்ட வேண்டாம். குழந்தை மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. விளையாட்டை அதோடு சேர்த்துத் தொடரலாம். மருத்துவத்துக்குப் பதிலாக விளையாட்டு ஆகாது.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் வட்டமாகக் கைகோத்து நிற்கச் சொன்னால் பையன்கள் பெண் பிள்ளைகளின் கையைப் பிடிப்பதில்லை. சில பிள்ளைகளின் கையைச் சிலர் வேறு காரணத்தால் பிடிக்கத் தயங்குவதையும் பார்க்கிறேன். வேடங்களைப் பிரிப்பதிலும் அதே தொல்லை. என்ன செய்வது?
— ஆசிரியை, திருமங்கலம் ஒன்றியம்

பதில்: அந்த ‘வேறு காரணம்’ என்னவென்று நம் இருவருக்குமே தெரியும். அதைக் கண்டு கடந்து போகாமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என் வணக்கம்.

பையன், பெண் என்ற கூச்சத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஆளுக்கொரு துண்டு கொடுத்து அதன் முனைகளைப் பிடித்து வட்டம் நிற்கச் சொல்லுங்கள். துண்டைச் சிறிது சிறிதாகச் சுருட்டிக்கொண்டே போனால், ஆட்டத்தின் வேகத்தில் சில வாரங்களில் கை கையைத் தொட்டுவிடும்.

சாதியால் வரும் தயக்கத்துக்கு அந்தப் பொறுமை கூடாது. அங்கே வட்டத்தைக் குலுக்கிவிடுங்கள். எண் சொல்லி, மாதம் சொல்லி, சட்டையின் பொத்தானை எண்ணி, ஒவ்வொரு நாளும் புதிய சோடி அமையும்படி செய்யுங்கள்; யார் யாரோடு என்பதைப் பிள்ளைகளும் தீர்மானிக்கக்கூடாது, உங்கள் கண்ணும் தீர்மானிக்கக்கூடாது. வேடத்தையும் சீட்டுக் குலுக்கிப் போட்டே கொடுங்கள். இன்று அரசனாக இருந்தவர் நாளை மண் சுமக்கட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என்னுடைய ஒரு தவறே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பள்ளியில் சந்தை விளையாட்டு நடத்தியபோது, கடைசியில் எஞ்சியிருந்த பையனிடம், “நீ சந்தையைப் பெருக்குகிறவராக இரு” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவனுடைய அம்மா செய்த வேலை அது. மற்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. அவன் பெருக்கினான், நன்றாகவே பெருக்கினான். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. நான் அவன் வீட்டுக்குப் போய் அவனிடமும் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். நாலாம் நாள் வந்தான். அன்று முதல், பெற்றோரின் தொழிலையோ பிறப்பையோ நினைவூட்டக்கூடிய வேடத்தை என் கையால் எந்தப் பிள்ளைக்கும் நான் கொடுத்ததில்லை.

கேள்வி: காது கேளாத பிள்ளை ஒன்று என் வகுப்பில் இருக்கிறது. சேர்க்க முடியுமா?
— ஆசிரியர், திருப்பரங்குன்றம்

பதில்: அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டும் ஒலிக்குப் பதிலாக, எல்லாருக்குமே ஒரு சிவப்புத் துணியை உயர்த்துவதை அடையாளமாக வையுங்கள். கண்ணைக் கட்டும் விளையாட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். கேட்க முடியாத பிள்ளைக்குக் கண்ணையும் மூடுவது அச்சத்தையே தரும். கண்ணாடி விளையாட்டிலும் மண் சுமக்கும் விளையாட்டிலும் அந்தப் பிள்ளை மற்றவர்களைவிடக் கூர்மையாக இருப்பதைப் பார்த்தால் வியக்காதீர்கள். பார்த்துப் புரிந்துகொள்வது அதன் அன்றாடப் பழக்கம்.

கேள்வி: மழை வந்தால் எங்கள் விளையாட்டு வகுப்பு கணக்கு வகுப்பாகிவிடுகிறது. வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்து விளையாட ஒன்று சொல்லுங்கள்.
— நான்காம் வகுப்பு மாணவி, அலங்காநல்லூர்

பதில்: கண்ணே, மழையையே விளையாடுங்கள். எல்லாரும் வட்டமாகத் தரையில் உட்காருங்கள். யாரும் பேசக்கூடாது. முதலில் நீ இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் தேய்க்க வேண்டும். அது தொலைவில் வரும் காற்று. உன் வலப்பக்கத் தோழி தேய்க்கத் தொடங்குவாள், பிறகு அவளுக்கு அடுத்தவள், இப்படியே சுற்றி வந்து எல்லாரும் தேய்க்கும்போது நீ விரலைச் சொடுக்க வேண்டும். அது முதல் தூறல். சொடுக்கு தங்களிடம் சுற்றி வரும்வரை மற்றவர்கள் காற்றை நிறுத்தக்கூடாது. அடுத்துத் தொடையில் தட்டினால் மழை கனக்கும். காலால் தரையை மிதித்தால் இடி. இடி ஒரு சுற்று முடிந்ததும் வந்த வழியே திரும்புங்கள்: தொடை, சொடுக்கு, உள்ளங்கை. மற்றவர்கள் ஒவ்வொருவரும் தம் இடப்பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறாரோ அதை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். எதிரே இருப்பவரைப் பார்த்து மாற்றினால் மழை கலைந்துவிடும். கடைசி உள்ளங்கையும் நின்ற பிறகு யாரும் அசையாமல் ஓட்டின்மேல் விழும் மழையைக் கேளுங்கள். அது கனத்திருக்கிறதா, தூறலாகிவிட்டதா என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.